பட்டமரத்தின் வரவு செலவு

ஜெர்மனியின் முதல் தேசியப் பூங்காவான பவேரிய வனம் 1970இல் தொடங்கப்பட்டது. 1983, 1984 புயல்களில் அங்கே ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாய்ந்தன. சாய்ந்ததை அறுத்து விற்பதுதான் வழக்கம். பவேரிய வேளாண் அமைச்சர் ஹான்ஸ் ஐசன்மான், பூங்காவின் உட்பகுதியில் அவை கிடக்கட்டும் என்றார். பிறகு பட்டை வண்டு பெருகியது. 1990களில் தொடங்கி ஏறத்தாழ 6,000 ஹெக்டேர் ஸ்ப்ரூஸ் காடு பட்டுப்போனது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். கண்ணெதிரே மலைச்சரிவு சாம்பல் நிறமானால் யார்தான் கொதிக்கமாட்டார்கள்?

மரக்கணக்கில் அது நட்டம். வண்டுக்கணக்கில் அதுவே வரவு. உளுத்த கட்டை, கழன்ற பட்டை, மரப்பூஞ்சை ஆகியவற்றை நம்பி ஜெர்மனியில் சுமார் 1,400 வண்டினங்கள் வாழ்கின்றன. நிற்கும் மரத்தைக் கொல்லக்கூடியவை அவற்றில் மிகச் சிலவே. பட்ட காட்டில் வெயில் இறங்கியதும் அரிய இனங்கள் பெருகியதை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. ஊர்க்காரர்கள் அஞ்சியதுபோல் குடிநீரும் கெடவில்லை. நைட்ரேட் அளவு வரம்புக்குள்ளேயே இருந்தது.

இந்த வண்டுகளுக்கும் பட்டமரத்தை நம்பும் பிற உயிர்களுக்கும் எவ்வளவு பட்டமரம் வேண்டும்? ஐரோப்பியக் காடுகளை ஒப்பிட்டு 2010இல் வந்த ஆய்வு, ஹெக்டேருக்கு 20 முதல் 50 கன மீட்டர் என்றது. குளிர்நாட்டு ஊசியிலைக் காட்டுக்கு 20–30, மலைக் கலப்புக் காட்டுக்கு 30–40, சமவெளி ஓக், பீச் காட்டுக்கு 30–50. ஜெர்மனியின் காட்டுக் கணக்கெடுப்பில் சராசரிப் பட்டமர இருப்பு 2012இல் 20.6, 2022இல் 29.4.

பின்லாந்தின் நிலைமை வேறு. அங்கே நாட்டின் சராசரி இருப்பே 6 கன மீட்டர் அளவில்தான் நிற்கிறது. தென்பகுதியில் வெட்டுப்படாத பழங்காட்டில் 60 முதல் 120 வரை இருக்கும். அடிமட்டத் தேவையான 20ஐ எட்டவே ஹெக்டேருக்கு 14 குறைகிறது. வெட்டும்போது ஹெக்டேருக்கு மூன்று உயரக் கட்டைகளை நிற்கவிடுவது ஸ்வீடனில் உள்ள வழக்கம். அதைக் கொண்டு இந்தக் குறையை நிரப்ப முடியுமா என்று போட்டுப் பார்த்தேன். 30 சென்டிமீட்டர் விட்டமும் மூன்றரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு கட்டையில் இருப்பது கால் கன மீட்டருக்குச் சற்றுக் குறைவான மரம். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ முக்கால். 14ஐ நிரப்ப 57 கட்டைகள் தேவை! மூன்று கட்டையும் நல்லதுதான். ஆனால் அதோடு கடன் தீர்ந்தது என்று கணக்கை மூடுவது தவறு.

புயலோ தீயோ அந்தக் கடனை ஒரே நாளில் அடைத்துவிடும். நாம் அறுவை இயந்திரத்தோடு ஓடிப்போய் அதை அள்ளிக்கொண்டு வருகிறோம். 2020இல் வெளியான உலகளாவிய ஆய்வு இதற்கும் கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்ட பரப்பில் பாதியை அறுக்காமல் விட்டால், அத்தகைய இடத்துக்கே உரிய இனங்களில் சுமார் 73 விழுக்காடு தங்கும். 90 விழுக்காடு தங்க வேண்டுமானால் முக்கால் பங்கை விட வேண்டும். இது வண்டுக்கு மட்டுமன்றி, அங்கு வாழும் பலவகை உயிர்களுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு.

முக்கால் பங்கை விடு என்று சிறு காட்டு உரிமையாளரிடம் சொல்வது எளிது. அந்த மரத்தின் விலை அவர் வீட்டுச் செலவுக்கானது. அவர் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு கன மீட்டருக்கும் அரசு விலை கொடுக்க வேண்டும். அரசுக் காடுகளிலோ அந்தச் சாக்குக்கு இடமில்லை. அங்கே புயலில் விழுந்த நான்கு மரங்களில் மூன்று, விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும்.