புறப்படுமுன் எழுதும் நாட்குறிப்பு

அன்றன்று நிகழ்ந்ததை அன்றன்றே எழுதிவைப்பது நாட்குறிப்பாகும். பயண இலக்கியத்திற்கும் தன்வரலாற்றுக்கும் அதுவே மூலப்பொருள். ஆயினும், அயல்நாடு சென்றோர் எழுதிய நூல்களைப் பார்க்குமிடத்து ஒரு குறை புலப்படுகின்றது. கப்பலேறிய பின் கண்ட காட்சிகள் விரிவாக உள்ளன. ஏறுவதற்கு முன் வீட்டில் நிகழ்ந்தவை இரண்டொரு பத்திகளில் முடிந்துவிடுகின்றன. பேச்சும் அலைச்சலும் கடனும் கண்ணீரும் நிறைந்தவை அந்த மாதங்களே. அவைதாம் எழுதப்படாமற் போகின்றன. கள்ளக்குறிச்சி வட்டாரத்து இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் செல்லும் இக்காலத்தில், புறப்பாட்டுக்கு முந்திய நாட்குறிப்பைப் பற்றிச் சிந்திப்பது நம் மாணவர்க்குப் பயன் தரும்.

இப்னு பதூதா 1325ஆம் ஆண்டு ஜூன் திங்களில், தம் 21ஆம் வயதில், ஹஜ்ஜை நாடி மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்டார். 1340களில் மதுரைச் சுல்தானியத்திலும் அவர் தங்கிச் சென்றார். பல ஆண்டுகள் சுற்றித் தாயகம் மீண்ட பின்னர், சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுத, 1355இல் பயணநூல் முற்றுப்பெற்றது. நாடு நாடாக விரியும் அப்பெருநூலில் பெற்றோரைப் பிரிந்த செய்திக்குக் கிடைத்த இடம் சில வரிகளே. பிரிவு இருபாலார்க்கும் துயரமாயிருந்தது என்ற அளவில் அது நின்றுவிடுகின்றது. வழிச்செலவுக்கு யார் பணம் கொடுத்தார், தாய் இறுதியாக என்ன சொன்னார் என்பவற்றை அறிய வழியில்லை. நூலின் சில பகுதிகளில், அவருக்கு முன்பு பயணம் செய்த இப்னு ஜுபைரின் வருணனைகள் புகுந்துள்ளன என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். டமாஸ்கஸ் நகரத்தைப் பிறர் நூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். தாயின் முகத்தை அவ்வாறு எடுத்துக்கொள்ள இயலுமா?

இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் உண்டு. சட்டம் பயில்வதற்காக 1888 செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிய காந்தியடிகள், இலண்டன் சேர்ந்த சில நாள்களில், நவம்பர் 12ஆம் நாள், நாட்குறிப்பு ஒன்றை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். அப்போது அவர்க்கு வயது 19. இலண்டன் மாநகரின் மாட்சியை அவர் முதலில் எழுதவில்லை. இலண்டன் செல்லும் எண்ணம் தமக்கு எவ்வாறு தோன்றிற்று என்பதிலிருந்தே தொடங்கினார். சிற்றப்பரின் இசைவைப் பெறச் சென்றது, பொருளுதவி வேண்டி அதிகாரிகளின் வாயிலில் நின்றது, அதற்காகப் பிறரைப் புகழ்ந்து பேச நேர்ந்தது தமக்கே சினமூட்டியது ஆகியவை அதில் உள்ளன. ஏறத்தாழ 37 ஆண்டுகளுக்குப் பின், 1925 முதல் அவர் எழுதிய ‘சத்திய சோதனை’யிலும் இப்பகுதி வருகின்றது. ஆனால் அங்கே பேசுபவர் உலகறிந்த மகாத்மா. நாட்குறிப்பில் பேசுபவரோ, உதவி கிட்டாத வெட்கம் இன்னும் ஆறாத ஓர் இளைஞர். நம் மாணவனுக்கு நெருக்கமானவர் இவ்விளைஞரே என்பது என் கருத்து.

பிறர் எழுதிய பதிவேடு

தாமே எழுத இயலாதவர்களுடைய நிலை வேறு. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல், ஒப்பந்தக் கூலிகளுடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். ஃபிஜித் தீவுகளுக்கும் 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஆட்கள் ஏற்றப்பட்டனர். அந்நாளில் கள்ளக்குறிச்சி தாலுகா அடங்கியிருந்த தென்னார்க்காட்டு மாவட்டத்தாரும் இவ்வாறு கடல் கடந்தனர். இவர்களைப் பற்றிய பதிவேடுகள் இன்றும் உள்ளன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றை எழுத்தர் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறார். நான்காம் தலைமுறைப் பேரன் தன் மூதாதையின் ஊரைக் கண்டறிய அப்பதிவேடே துணை நிற்கின்றது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆயினும், இடக்காலில் தழும்பு இருந்தது தெரிகின்றதேயன்றி, அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய காரணம் தெரியவில்லை. பஞ்சமா, கடனா, குடும்பச் சண்டையா, ஆள்பிடிப்பவனின் சொல்லை நம்பிய ஏமாற்றமா? அந்த ஏட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

எழுத்தில்லாத இடத்திலும் நினைவு நிற்கும் என்பதற்குக் கல்வராயன் மலை சான்று. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரள நாட்டாரோடு இவர்களை மயங்கிக்கொள்ளலாகாது) தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பர். உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்றும், காஞ்சியை நீங்கிய கரிராமன் என்னும் தெய்வத்தைப் பின்தொடர்ந்து வந்தனர் என்றும் கதைகள் உண்டு. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூலிலும் இவ்வழக்குகள் பதிவாகியுள்ளன. வந்த ஊர் மறக்கப்படவில்லை. ஆனால் வந்த ஆண்டு எது, வந்த காரணம் யாது என்று கேட்டால் கதைக்குக் கதை வேறுபடும். அம்மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சியிற் படித்து, நாளை விமானம் ஏறப்போகும் மாணவனுக்கு எழுத்தும் தாளும் கையில் உள்ளன. தன் ஊர்ச் சாமைக்கொல்லைக்கு வீட்டார் வழங்கும் பெயர், வெள்ளிமலைக்குப் பேருந்து ஏற நடந்த வழி, பாட்டி கொடுத்தனுப்பிய பொருள் ஆகியவற்றை அவன் எழுதாவிடில் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

எதை, எவ்வாறு எழுதுவது

பணத்திலிருந்து தொடங்குவதே நன்று. திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியதாகும் (அல்பகரா: 282). தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையோடு எழுதவும், சாட்சி வைக்கவும் அது பணிக்கின்றது. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் கடன்களைத் தீர்த்து, அறிந்தோரிடம் பிழைபொறுக்க வேண்டி, மரணசாசனம் எழுதிவைத்துச் செல்வது நம் முன்னோர் வழக்கம். வேலைக்குச் செல்வோரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். யாரிடம் எவ்வளவு வாங்கினோம், எந்த நகை அடகில் உள்ளது, முகவருக்கு எந்த நாளில் எவர் முன்னிலையில் பணம் கொடுத்தோம், சொல்லப்பட்ட வேலையும் சம்பளமும் யாவை என்பன நாளிட்டு எழுதப்பட வேண்டும். அயல்நாட்டு வேலைக்கு ஆள்சேர்ப்பவர் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. அச்சான்றின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம். எண்ணைக் கேட்டதும் ஒருவர் பேச்சை மாற்றுவாராயின், அன்றைய குறிப்பில் அதனையும் எழுதலாம்.

மொழியைப் பற்றிப் பலர் தயங்குவர். ‘எனக்குச் செந்தமிழ் வராது’ என்று மாணவர் கூறக் கேட்டிருக்கிறேன். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தம் மறைவாண்டாகிய 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, பிறமொழிச் சொற்கள் விரவிய அன்றாடப் பேச்சுத் தமிழிலேயே அமைந்தது. அந்த நடையே இன்று மொழியாய்வாளர்க்குக் கருவூலமாக விளங்குகின்றது. ஆகவே, அத்தா சொன்னதை அத்தா சொன்னபடியே எழுதுவது போதும். இலக்கண ஆசிரியர் அதனைத் திருத்தப்போவதில்லை. திருத்தினால் அதன் உயிர் போய்விடும்.

எழுதியதைப் படியெடுத்து ஒன்றை வீட்டில் வைத்துச் செல்வது இன்றியமையாதது. இப்னு பதூதா புகாரா நகரத்து அறிஞர்களின் கல்லறை வாசகங்களைப் படியெடுத்திருந்தார். இந்தியக் கடலில் கொள்ளையரிடம் உடைமைகளை இழந்தபோது அவையும் போயின. காந்தியடிகளின் இலண்டன் நாட்குறிப்பு ஏறத்தாழ 120 பக்கங்களைக் கொண்டது. 1909இல் இலண்டனுக்குப் புறப்பட்ட உறவினர் சகன்லால் காந்தியிடம் அவர் அதனைக் கொடுத்தார். பின்னர் அது மகாதேவ தேசாயிடம் சென்றது; மூலம் இன்று கிடைக்கவில்லை. கைவிட்டுப் போகுமுன் சகன்லால் தம் ஏட்டில் எழுதிக்கொண்ட ஏறத்தாழ 20 பக்கங்களே எஞ்சியுள்ளன. தொடக்கத்தில் இருந்த அப்பக்கங்களிலேதான் புறப்பாட்டுச் செய்திகள் அடங்கியுள்ளன.