மலையேற்றத்தில் கொதிக்கும் மோட்டார்

மலைநாட்டுச் சாலைகள் மோட்டார் வண்டியின் குறைகளை மறைத்து வைப்பதில்லை. சமதரையில் பல நாட்களாக ஒளிந்திருந்த பழுதும் எல்லவுக்கு ஏறும் வளைவுகளில் வெளிப்பட்டுவிடும். அத்தகைய பழுதுகளுள் ஒன்று, றேடியேற்றரின் ஊடே காற்றை இழுக்கும் விசிறி நின்று போவதாகும்.

கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் குடும்பமொன்றை எண்ணிப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதை, 2020இல் அம்பாந்தோட்டை வரை நீண்டது. அப்பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் விரையும் காருக்கு, எதிரே வந்து மோதும் காற்றே போதிய குளிர்ச்சியைத் தந்துவிடுகிறது. விசிறி செயலற்றுக் கிடந்தாலும் ஓட்டுபவர் அதனை அறியார். வெல்லவாயவைக் கடந்ததும் நிலைமை மாறுகிறது. ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலிருந்து, 30 கிலோமீற்றருக்குள், 1,000 மீற்றருக்கு மேல் ஏறியாக வேண்டும். முன்னே பாரம் ஏற்றிய லொறி ஊர்ந்து செல்கிறது. இயந்திரத்தின் உழைப்போ மிகுதி, எதிர்க்காற்றோ இல்லை. வெப்பம் காட்டும் முள் மெல்ல மேலே எழுகின்றது.

விசிறியின் பணியை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்குதல் எளிது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பி, விசிறியால் காற்றைச் செலுத்தி வாட்டுவதை அவர்கள் கண்டிருப்பர். அங்கே காற்று ஈரத்தைக் கொண்டு போகிறது. இங்கே வெப்பத்தைக் கொண்டு போகிறது. காற்று ஓட்டம் நின்றால் இரண்டு வேலையும் கெடும்.

மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் இயந்திரமே பட்டி வழியாக விசிறியைச் சுழற்றிற்று. இயந்திரம் ஓடும் வரை விசிறியும் ஓடும். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் இயந்திரம் குறுக்காக வைக்கப்பட்டிருப்பதால், விசிறிக்குத் தனி மின்மோட்டார் அமைத்துள்ளனர். நீரின் சூட்டை உணரும் சென்சர், மின்சாரத்தை இணைக்கும் ரிலே, காவலாக நிற்கும் பியூஸ், வயரும் அதன் இணைப்பும், இறுதியில் மோட்டார் என ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. எந்தக் கண்ணி அறுந்தாலும் விசிறி நின்றுவிடும்.

பதுளையில் வாடகைக் கார் ஓட்டும் அன்பர் ஒருவர், விசிறி சுழலவில்லை என்றதும் புதிய மோட்டார் வாங்கிப் பூட்டினார். அதுவும் சுழலவில்லை. பின்னர் பார்த்தபோது, வயர் இணைப்பு ஈரத்தால் பச்சை பூத்துக் கிடந்தது. ஒரு துண்டு உப்புத்தாளால் தீர்ந்திருக்க வேண்டிய காரியத்திற்கு ஒரு மாத வருவாய் செலவாயிற்று. ஆதலின், எளியதை முதலிலும் விலையுயர்ந்ததை இறுதியிலும் சோதித்தல் வேண்டும்.

முதலில் முள்ளைக் கவனியுங்கள். வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும் மட்டும் அது உயர்ந்து, வேகமாகச் செல்லும்போது இறங்குமாயின் ஐயம் விசிறியின் மேல் செல்லும். வேகத்திலும் உயருமாயின் நீர்க்குறைவு, தேர்மோஸ்டாற், நீர்ப்பம்பு, அடைபட்ட றேடியேற்றர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிரூட்டியை இயக்குங்கள். பெரும்பாலான கார்களில் அப்போது விசிறி சுழலத் தொடங்கும். சுழன்றால் மோட்டாரும் வயரும் நலமாக உள்ளன, சென்சரைச் சோதிக்கலாம். நீர் குறைந்து சென்சரைச் சுற்றிக் காற்று நின்றாலும் அது சூட்டைச் சரிவர உணராது என்பதை நினைவிற் கொள்க.

சுழலாவிடில் பியூஸைப் பாருங்கள். அடுத்து, அதே பெட்டியிலுள்ள அதே வகை ரிலே ஒன்றை மாற்றிப் பூட்டிப் பார்க்கலாம். பின்னர் இணைப்பைக் கழற்றித் துடையுங்கள். இறுதியாக, பியூஸ் பொருத்திய வயரினால் பற்றரியிலிருந்து மோட்டாருக்கு நேரே மின்சாரம் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். இதனைத் தொழில் அறிந்தவரிடம் விடுவதே நன்று. அப்போதும் அசையாவிடில் குற்றம் மோட்டாரினுடையது. பியூஸ் அடிக்கடி எரியுமானால் பெரிய பியூஸ் போடுதல் ஆகாது, வயர் தீப்பற்றக்கூடும். இன்னுமொன்று: சாவியை எடுத்த பின்னரும் சில கார்களில் விசிறி திடீரெனச் சுழலும். பற்றரியின் இணைப்பைக் கழற்றாமல் அதன் அருகே விரலைக் கொண்டு போகாதீர்கள்.

வழியில் கொதித்துவிட்டால் என் செய்வது? குளிரூட்டியை நிறுத்தி, பாதுகாப்பான ஓரத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சக்கரத்திற்குக் கல் வையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில் திறந்த பாத்திரத்து நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலேயே கொதிக்கும். மூடியினுள் அடைபட்ட நீரோ, அழுத்தத்தினால் 100 பாகைக்கு மேற்பட்டும் கொதியாது நிற்கும். மூடி திறந்த கணமே அழுத்தம் நீங்கி, அந்நீர் ஆவியாய்ச் சீறி முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். ஓடை நீரைச் சூடான இயந்திரத்தின் மேல் ஊற்றுதலும் தவறு. அலுமினியத் தலைப்பகுதி வளைந்தோ வெடித்தோ போகலாம்.

இவை கார் உடையோருக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல. நள்ளிரவில் பேறுகால வேதனையுற்ற தாயைத் தோட்டத்து லயத்திலிருந்து பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் அயலிலுள்ள ஒரு வாடகை வண்டியே. அவ்வண்டியின் விசிறி சுழல்கிறதா என்பதை, ஏற்றத்தின் நடுவில் அன்று, பகலில் வீட்டு வாசலிலேயே பார்த்து வைத்தல் வேண்டும். குளிரூட்டியை இயக்கிச் செவிமடுக்க ஒரு நிமிடம் போதும். இந்தச் சோதனையை நம் மாணவர்கள் தத்தம் அயலாருக்குச் சொல்லிக் கொடுப்பார்களாக.