மடிப்புக்குள்ள என்ன இருக்கு பாஸ்?

நெத்தியில நாலு கோடு, மூக்குக்கு மேல ஒரு மடிப்பு, 'உலகத்துல எனக்கு மட்டும்தான் இவ்ளோ கவலை'ங்கற மாதிரி ஒரு லுக்... பக் குட்டியைப் பார்த்தா யாருக்குத்தான் தூக்கிக் கொஞ்சத் தோணாது? 2003-ல் வந்த ஹட்ச் விளம்பரத்துல ஒரு சின்னப் பையன் பின்னாடியே ஓடின அந்த நாய், ஒரே ராத்திரியில ஸ்டார் ஆயிடுச்சு. 2007-ல் ஹட்ச், வோடஃபோன் ஆச்சு. 2020-ல் வோடஃபோனும் பேரை மாத்திக்கிச்சு. ஆனா, நம்ம ஊர்ல 'ஹட்ச் நாய்'ங்கற பேர் மட்டும் இன்னும் மாறலை!

நாம கொஞ்சறது எதை? அந்த மடிப்பை. அந்த நாய் அவஸ்தைப்படறது எதால? அதே மடிப்பால!

மே மாசம் ஈர சாக்ஸை ஷூவுக்குள்ளயே திணிச்சு வெச்சுட்டு, ரெண்டு நாள் கழிச்சு எடுத்து மோந்து பார்த்திருக்கீங்களா? ஹாஸ்டல் மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மடிப்புக்குள்ள நடக்கறதும் அதே கதைதான். தோலும் தோலும் ஒட்டிக் கிடக்கு. காத்துப் போக வழி கிடையாது. கண்ணுல இருந்து வழியற நீர், எச்சில், சாப்பிட்டதுல மிச்சம் எல்லாம் அங்கேதான் செட்டில் ஆகும். சூடு, ஈரம், உராய்வு மூணும் ஒரே இடத்துல. சும்மா தோல் மேல குடியிருக்கற மலசீசியாங்கற ஈஸ்ட்டும், ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் இதைப் பார்த்ததும் குடும்பத்தோட பெருக ஆரம்பிச்சிடும். முதல்ல ஒரு பிரவுன் கறை, அப்புறம் ஒரு புளிச்ச வாடை, அப்புறம் சிவந்து, முடி உதிர்ந்து, புண். நாய் பாவம், மூஞ்சியைக் கொண்டுபோய் மிதியடியில தேய்க்கும். நாம அதை 'ஹைய்யோ, விளையாடுது பாரேன்'னு செல்போன்ல வீடியோ எடுப்போம்.

இது ஏதோ ஒண்ணு ரெண்டு நாய்க்கு வர்ற பிரச்னை இல்லை. பிரிட்டனின் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, கலப்பின நாய்களோட ஒப்பிட்டா மடிப்புப் புண் வர்ற வாய்ப்பு பக்குக்கு சுமார் 16 மடங்கு, இங்கிலீஷ் புல்டாகுக்கு சுமார் 49 மடங்கு அதிகம். அது குளிர் ஊர் கணக்கு. சென்னை புழுக்கத்துல என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சுருக்கத்துக்கெல்லாம் தலைவர்னா அது ஷார்பேய். சீனாவோட தென்பகுதி நாய். பேருக்கு அர்த்தமே 'மணல் தோல்'. ரொம்பக் குறைஞ்சுபோன இந்த இனத்தைக் காப்பாத்துங்கன்னு 1973-ல் ஹாங்காங்ல இருந்து மாட்கோ லாங்கறவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். காப்பாத்தினாங்க, கூடவே சுருக்கத்தையும் வளர்த்துட்டாங்க. பழைய சீன ஷார்பேய்க்கு இவ்ளோ மடிப்பு கிடையாது; சுருக்கம் அதிகமுள்ள குட்டியாப் பார்த்துப் பார்த்து இனப்பெருக்கம் பண்ணதுல வந்தது இது.

இங்கேதான் மேட்டரே. அந்தத் தோலுக்கு அடியில அளவுக்கு மீறிச் சேர்ந்து கிடக்கறது ஹயலூரானிக் ஆசிட். ஆமாங்க, முகம் பளபளக்க நம்ம கேர்ள்ஸ் (பாய்ஸும்தான், மறைக்காதீங்க!) காசு கொடுத்து வாங்கற சீரத்துல இருக்கே, அதேதான். அதை உற்பத்தி பண்ற ஜீன் பக்கத்துல டி.என்.ஏ-வோட ஒரு துண்டு காப்பி-பேஸ்ட் ஆன மாதிரி கூடுதலா இருக்குன்னு 2011-ல் கண்டுபிடிச்சாங்க. அந்தக் காப்பி எண்ணிக்கை கூடக்கூட, ஷார்பேய்க்கு அடிக்கடி வர்ற ஒரு விசித்திர காய்ச்சலோட அபாயமும் கூடுது. சில நாய்களுக்கு அது கிட்னி வரைக்கும் போயிடும். அழகையும் வியாதியையும் ஒரே பார்சல்ல கட்டிக் கொடுத்திருக்கோம். மெக்கானிக்கல் பையன் பாஷையில சொன்னா, இது டிசைன் ஃபால்ட். மெயின்டனன்ஸால சமாளிக்கலாம், சரி பண்ண முடியாது.

சரி, மெயின்டனன்ஸ் எப்படி? மடிப்பை விரலால மெல்ல விரிச்சு, வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச மெத்துனு துணியால துடைக்கணும். அதுக்கப்புறம் நிறைய பேர் கோட்டை விடற ஸ்டெப்: காய்ஞ்ச துணியால ஈரம் போக ஒத்தி எடுக்கணும். ஈரத்தோட விட்டா துடைக்காம இருந்ததே தேவலை. பக், புல்டாகுக்கு முகத்துல தினமும் இது நடக்கணும். சுருண்ட வாலுக்கு அடியிலயும் ஒரு குழி இருக்கும், அதை மறந்துடாதீங்க. குண்டடிச்சா மடிப்பு இன்னும் ஆழமாகும், அதனால பிஸ்கெட்டுக்கு 'நோ'.

எங்க ஃப்ளாட்ல ஒரு பக் இருக்கு. அந்த வீட்டுப் பாட்டி சாயங்காலமானா அதுக்கு மூஞ்சி கழுவி, பவுடர் அப்பி, பொட்டு வெச்சுதான் வெளிய விடுவாங்க. "பாட்டி, பவுடர் போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார்ல?"னு பேரன் கேட்டா, "போடா, உன்னையவே நான் பவுடர் போட்டுத்தான் வளர்த்தேன்"னு பதில் வரும். பாசம் புரியுது. ஆனா, பவுடர் ஈரத்தோட சேர்ந்து கட்டி கட்டியா மடிப்புக்குள்ள உறைஞ்சிடும். தேங்காய் எண்ணெய், நாம குளிக்கற சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். மெடிக்கல் ஷாப்ல நாமளா வாங்கற ஸ்டீராய்டு க்ரீம் ரொம்ப மோசம். அரிப்பு அடங்கின மாதிரி காட்டும், உள்ளே கிருமி ஜாலியா வளரும். போதாததுக்கு நாய் அதை நக்கியும் வைக்கும்.

சிவப்பு, வாடை, சீழ் தெரிஞ்சா துடைக்கறது மட்டும் பத்தாது. மடிப்புல ஒரு டேப்பை ஒட்டி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல வெச்சா ஈஸ்ட்டா, பாக்டீரியாவான்னு தெரிஞ்சிடும். ஈஸ்ட், பார்க்க குட்டி வேர்க்கடலை மாதிரியே இருக்கும்! மருந்து அதைப் பொறுத்துதான். திரும்பத் திரும்ப வந்தா, உள்ளே அலர்ஜி இருக்கான்னு பார்ப்பாங்க. மூக்கு மடிப்பு முடி கண்ணுல உரசி விழித்திரையில்... ஸாரி, கருவிழியில் புண் ஆக்கற கேஸ்ல மடிப்பையே ஆபரேஷன் பண்ணிக் குறைக்கறதும் உண்டு. சென்னைவாசிகளுக்கு 1903-ல் ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில இருக்கு.

'வீடு எடுத்துத் தங்கியிருக்கோம், நாலு பேரும் ஷேர் போட்டு ஒரு பக் வாங்கலாம் மச்சி'னு பிளான் போடற கேங்குக்கு ஒரு கேள்வி. செமஸ்டர் லீவுல நாலு பேரும் ஊருக்குப் போயிட்டா யார் துடைப்பா? பதில் இல்லைன்னா, நம்ம தெரு நாட்டுக் குட்டி ஒண்ணைத் தத்தெடுங்க. முகத்துல மடிப்பும் இல்லை, புண்ணும் இல்லை.

இல்லை, பக்தான் வேணும்னு அடம்பிடிச்சா, விக்கறவர்கிட்ட தாய் நாயைக் காட்டச் சொல்லுங்க. அதோட மூக்கு மடிப்பை மெல்லத் தூக்கி உள்ளே பாருங்க, மோந்தும் பாருங்க. சிவந்திருந்தாலோ, வாடை அடிச்சாலோ, காட்டவே மாட்டேன்னு மழுப்பினாலோ... வண்டியை ஸ்டார்ட் பண்ணிடுங்க!