கடைசி வீட்டுக் குழாயில் என்ன வருகிறது?



பேராக் மாநிலத்திலே ஒரு செம்பனைத் தோட்டம். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் மறுநாள் பெரட்டிலே நிறுத்தி வைத்து "யார் பேப்பருக்குச் சொன்னது?" என்று கேட்பார்கள். நாலு மாதத்துக்கு முன்னே ஒரு சம்பளத் தகராறைப் பேசி முடிக்க நாம் அங்கே போயிருந்தோம். பேச்சு முடிந்து திரும்பும்போது கடைசி லயத்து அம்மா ஒருவர், "வெயில்ல வந்திருக்கீங்க தம்பி, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். கொண்டு வந்து வைத்த தேத்தண்ணி மை மாதிரி கறுத்துக் கிடந்தது.

"தூளு கூடிப் போச்சாம்மா?" என்று கேட்டோம்.

அந்த அம்மா சிரித்தார். "தூளு எப்பவும் போடற தூளுதான் தம்பி. தண்ணிதான் அப்படி."

கொல்லையிலே போய்க் குழாயைப் பார்த்தோம். குழாயின் வாயிலே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வெள்ளைத் துணி என்று அந்த அம்மா சொன்னதால் தெரிந்துகொண்டோம். பார்க்கிறதற்கு அது காவித் துணி! வாரம் ஒரு துணி மாற்றுகிறாராம். பேத்தியின் பள்ளிச் சீருடையும் அதே நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இது இரும்பின் வேலை. தண்ணீரிலே இரும்பு கூடினால் தேயிலைச் சாயத்தோடு சேர்ந்து கறுக்கும், துணியிலே துருக்கறை ஏறும். சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர விதிப்படி ஒரு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கக் கூடாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இரும்பு கண்ணுக்குத் தெரிகிற குறை, நாக்குக்கும் தெரிகிற குறை. அதனால்தான் எல்லாரும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். நம்மைப் படுக்கையிலே தள்ளுகிற சமாச்சாரம் கண்ணுக்கே தெரியாது. அந்த அம்மாவே பேச்சோடு பேச்சாக அதையும் சொன்னார்.

"ஆயாக்கொட்டகையில ரெண்டு மாசத்துக்குள்ள மூணு தடவ பிள்ளைங்களுக்கு வயித்தால போச்சு தம்பி. எம் பேத்திய பெரியாஸ்பத்திரியில நாலு நாளு வச்சிருந்தாங்க. டிரெஸ்ஸர் மாத்திரை குடுத்தாரு. பெரிய கிராணி, புள்ளைங்க கண்டதையும் திங்குதுங்கன்னு சொல்லிட்டாரு."

கிராணியாரை நாம் குறை சொல்லப் புறப்படவில்லை. அவர் குடியிருப்பது ஆப்பீசுப் பக்கம். தண்ணித் தொட்டிக்கு முதல் வீடு அவருடையது. அவர் வீட்டிலே தேத்தண்ணி கறுப்பதில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. விஷயமே இதிலேதான் இருக்கிறது.

மறுநாள் காலை பம்பு பார்க்கிற தம்பியைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனோம். ஓடையிலே ஓர் அணை. அங்கிருந்து பம்பு இழுத்து மணல் வடிகட்டிக்கு விட்டு, வடிகட்டியிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றி, தொட்டியிலிருந்து லயங்களுக்கு இறக்குகிறார்கள். ஏற்பாட்டிலே குறை இல்லை. யாரோ விவரம் தெரிந்தவர்தான் கட்டியிருக்கிறார். பராமரிப்புதான் இல்லை. மணலின் மேலே ஒரு விரற்கடை கனத்துக்குச் சேறு. குளோரின் கரைக்கிற பீப்பாய் காய்ந்து கிடந்தது.

"குளோரின் முடிஞ்சி போச்சுண்ணே. ஆர்டர் போட்டிருக்காங்களாம்."

"எப்போ முடிஞ்சது?"

"தீபாவளிக்கு முந்தி."

நாம் போனது பிப்ரவரியிலே!

அணைக்கு மேலே கொஞ்ச தூரம் நடந்தோம். கரையிலே மருந்துத் தோம்பு கழுவிய அடையாளம் இருந்தது. புல்லுக்கு மருந்து அடிக்கிற சகோதரிகள் வேலை முடிந்ததும் அங்கேதான் தோம்பைக் கழுவி, கைகாலும் கழுவிக்கொண்டு வருகிறார்கள். அவர்களைக் கோபிக்க முடியுமா? கழுவ வேறு இடம் கொடுத்திருந்தால் அங்கே கழுவுவார்கள். பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டிலே தடை. ஆனால் மற்றப் புல்மருந்துகள் அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது. மருந்துத் தோம்பைக் கழுவித் தண்ணி பிடித்து வைக்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தத் தோம்பு எத்தனை தரம் கழுவினாலும் குடிதண்ணிக்கு ஆகாது.

இனி, பீப்பாய் காய்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறோம்.

பால்மரத் தோட்டத்திலே வேலை செய்த பெரியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பாலிலே ஆசிட் விட்டால் உறைந்து கட்டியாவது போல, கலங்கல் தண்ணீரிலே படிகாரம் போட்டால் சேறு திரண்டு அடியிலே படியும். மிச்சத்தை மணல் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் குளோரின். சேறு போகாத தண்ணீரிலே குளோரினை ஊற்றினால் அது சேற்றோடு மல்லுக்கட்டியே செலவாகிப் போகும், கிருமி சேற்றுத் துணுக்குக்குள்ளே ஒளிந்து தப்பித்துக்கொள்ளும். அதனால் மழை பெய்து தண்ணீர் கலங்குகிற நாளிலேதான் ஆபத்து அதிகம். அன்றைக்குத்தான் பம்புக்காரத் தம்பிக்கும் வேலை அதிகம்.

குளோரினுக்கு இரண்டு வேலை. தொட்டியிலே உள்ள கிருமியைக் கொல்வது ஒன்று. அதற்குக் குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் அதோடு நிற்க வேண்டும். மற்றது, வழியிலே காவலாகக் கூடவே வருவது. லயத்துக் குழாய் பழசு. எங்கேயாவது வெடிப்பு இருக்கும். பம்பு நின்று குழாய் காலியாகும்போது அந்த வெடிப்பு வழியாக வெளியே உள்ள சாக்கடைத் தண்ணீர் உள்ளே புகும். அதை எதிர்க்கத்தான் குழாயின் கடைசி வரைக்கும் கொஞ்சம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறார்கள். ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் என்பது விதி. அது வழி நெடுக செலவாகிக்கொண்டே வரும். முதல் வீட்டிலே இருக்கும், கடைசி வீட்டிலே இருக்காது. ஆகவே தொட்டியடியிலே ஒரு கிளாஸ் பிடித்து, வெளிச்சத்திலே தூக்கிக் காட்டி, "பாருங்க, எவ்வளவு தெளிவு!" என்றால் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தெளிவு வேறு, சுத்தம் வேறு. பார்க்க வேண்டிய இடம் கடைசி வீடு.

பல தோட்டங்களிலே அந்தக் கடைசி வீட்டில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள்? நம் கிழவிகளும், பங்களாதேஷிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தோழர்களும். பாஷை தெரியாததால் அந்தத் தோழர்கள் வாய் திறப்பதில்லை. அவர்கள் சங்கத்திலே இருந்தாலும் இல்லாவிட்டாலும் தண்ணி எல்லாருக்கும் ஒரே பைப்பில்தான் வருகிறது.

நாம் பிறந்த தோட்டத்திலே பத்து வீட்டுக்கு ஒரு பொதுப் பைப்பு. பள்ளிக்கூடம் போகுமுன் வாளியோடு வரிசையில் நிற்பது நம் வேலை. அந்தத் தண்ணீரிலே புழு நெளிந்ததைப் பார்த்திருக்கிறோம். அம்மா வேட்டித் துணியிலே வடித்துக் கொதிக்க வைப்பார். விறகு ஈரமாயிருக்கிற நாளிலே வடித்ததோடு சரி. அப்படிப்பட்ட ஒரு மழைக்காலத்திலேதான் நம் தங்கைக்கு டைபாயிட் வந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் தலைமுடி எல்லாம் கொட்டி, ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகவில்லை. துணி சேற்றைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது என்று அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரத்துக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 446ஆம் சட்டம் என்பார்கள். 2019இல் அதைத் திருத்தி மற்றத் தொழில்களுக்கும் விரித்தார்கள். முதலாளி தரும் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இலவசமாக, போதுமான அளவிலே தர வேண்டும் என்பது அதிலே உண்டு. அரசாங்கக் குழாயிலிருந்துதான் தர வேண்டும். அது முடியாத இடத்திலே அனுமதி வாங்கி ஓடை, கிணறு என்று வேறு வழியிலே தரலாம். அப்படித் தந்தால் வடிகட்டிச் சுத்திகரிக்கிற பொறுப்பு முதலாளியுடையது. இந்தக் கடைசி வரியைத்தான் பலர் படிப்பதில்லை.

2020 செப்டம்பரிலே ரவாங் பக்கம் ஆற்றிலே கழிவு கலந்து, சிலாங்கூர் ஆற்றின் நாலு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குதாரர்களுக்குத் தண்ணி நின்றது. நாடே பேசியது, லாரியிலே தண்ணி கொண்டுபோய் ஊற்றினார்கள். நியாயம்தான். முப்பது வீட்டு லயத்திலே குளோரின் பீப்பாய் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தால் அதற்கு யார் லாரி அனுப்புவது?

நாம் செய்ததைச் சொல்கிறோம். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சோதிக்க ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். ரெண்டு சொட்டு விட்டால் குளோரின் உள்ள தண்ணீர் மஞ்சளாகும். டவுனிலே நம் வீட்டுத் தண்ணீரிலே விட்டோம், மஞ்சளானது. கடைசி லயத்துத் தண்ணீரிலே விட்டோம், நிறமே வரவில்லை. பக்கத்திலே நின்று பார்த்த அம்மாவின் முகம் மாறிப் போயிற்று. "அப்ப இத்தன நாளா துணிய கட்டி என்ன பிரயோசனம்?" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

நிர்வாகிக்குக் கடிதம் எழுதி, தொழிலாளர் இலாகாவுக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் நகல் அனுப்பினோம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த தேதிகள், பீப்பாயின் படம், யார் வீட்டுக் குழாய் என்ற விவரம் எல்லாம் போட்டோம். "தண்ணி சரியில்லை" என்று ஒரு வரி எழுதினால் "கவனிக்கிறோம்" என்று ஒரு வரிதான் திரும்பி வரும். சுகாதார அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். கிருமி நீக்கிய பாட்டிலிலே பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். ஒரு நாளுக்குள் பரிசோதனை தொடங்காவிட்டால் முடிவு செல்லாது என்றார். நாம் வீட்டுப் போத்தலிலே பிடித்து நாலு நாள் கழித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது வீண் வேலை. முதலில் அவரைத் தொட்டியடிக்குத்தான் கூட்டிப் போகப் பார்த்தார்கள். அந்த அம்மாதான் குறுக்கே நின்று, "எங்க வீட்டுக்கும் வாங்க ஐயா" என்று கடைசி லயத்துக்கு அழைத்துப் போனார். 100 மில்லிலிட்டரிலே ஒன்றுகூட இருக்கக் கூடாத ஈ.கோலை கிருமி அந்தக் குழாயிலே இருந்தது. மலத்திலிருந்து வருகிற கிருமி அது.

இப்போது பீப்பாயிலே குளோரின் இருக்கிறது. மணலைக் கழுவியிருக்கிறார்கள். தோம்பு கழுவ ஸ்டோர் பக்கத்திலே தனித் தொட்டி கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் கட்டவில்லை. அரசாங்கக் குழாய் மெயின் ரோட்டோடு மூன்று மைலிலே போகிறது. அதை உள்ளே இழுக்கக் கேட்டதற்குச் செலவு கணக்குப் பார்ப்பதாகப் பதில். கணக்கு முடியும் வரைக்கும் எல்லாரும் தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து, மூடி வைத்துக் குடிக்கச் சொல்லியிருக்கிறோம். கேஸ் காசு யார் தருவது என்று ஒரு தம்பி கேட்டார். அடுத்த பேச்சுவார்த்தையிலே அதுவும் இருக்கிறது.

அந்த அம்மாவின் மூத்த பேத்தி இடைநிலைப்பள்ளியிலே படிக்கிறது. சொட்டுப் பெட்டியை அதனிடம் கொடுத்துவிட்டு வந்தோம். தேதி, மழை உண்டா இல்லையா, தண்ணி நிறம், சொட்டு நிறம் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டிலே தினமும் எழுதி, வாரம் ஒரு தடவை கைத்தொலைபேசியிலே படம் பிடித்து அனுப்புகிறது. பதினொரு வாரம் ஆகிவிட்டது. சென்ற வாரப் பக்கத்திலே இரண்டு நாள், "பெரிய மழை. தண்ணி மஞ்சள். சொட்டு விட்டேன், கலர் வரலை" என்றிருந்தது. நிர்வாகி அந்த நோட்டின் நகலைக் கேட்டிருக்கிறார். திங்கட்கிழமை கொண்டுபோகிறோம்.