கருவறை வரை எட்டும் ரசாயனம்

1960-களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களை ஒரு புதிர் திணறடித்தது. வயதான பெண்களுக்கே அபூர்வமாக வரும் ஒருவகைப் பிறப்புறுப்புப் புற்றுநோய், 22 வயதைத் தாண்டாத இளம்பெண்களுக்கு வந்திருந்தது. கர்ப்பத்தில் தான் சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டவர், அந்தப் பெண்களில் ஒருவரின் தாய்தான். விசாரித்தபோது, நோய் வந்த 8 பேரில் 7 பேரின் தாய்மார்கள் கருச்சிதைவைத் தடுக்க என்று எழுதித் தரப்பட்ட டிஇஎஸ் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சாப்பிட்டிருந்தது தெரிந்தது. 1971-ல் இது வெளியானது.

அந்த மாத்திரையால் கருப்பையின் வடிவமே மாறிப்போய், கரு தங்காமல் தவித்த மகள்கள் பலர். விதை இறங்காமல் பிறந்த மகன்களும் உண்டு. கருவில் நேர்ந்த பாதிப்பில் பெரும்பகுதி வெளியே தெரிய இருபது ஆண்டுகள் வரை ஆனது.

மருந்தாகாமல் பிளாஸ்டிக் ஆனது

டிஇஎஸ்ஸை 1938-ல் உருவாக்கிய லண்டன் விஞ்ஞானி எட்வர்ட் சார்லஸ் டாட்ஸ், அதற்கு முன்பே பிஸ்பீனால் ஏ என்ற பொருளையும் சோதித்திருந்தார். அதற்கும் ஈஸ்ட்ரோஜன் குணம் இருப்பது 1936-லேயே தெரியும். வீரியம் குறைவு என்பதால் மருந்தாகவில்லை. 1950-களில் அது கடினமான பிளாஸ்டிக்காகவும் உணவு டின்களின் உட்பூச்சாகவும் நம் வீடுகளுக்கு வந்தது. இன்று பிபிஏ என்கிறோம்.

டிஇஎஸ் செய்ததையெல்லாம் பிபிஏவும் செய்யும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஹார்மோன்கள் மிக நுண்ணிய அளவிலேயே வேலை செய்பவை. அவற்றைப் போல நடிக்கும் பொருளை 'கொஞ்சம்தானே' என்று விட்டுவிட முடியாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பிபிஏவுக்கான பாதுகாப்பான தினசரி அளவை ஒரேயடியாக 20,000 மடங்கு குறைத்தது.

கருவின் காலக்கணக்கு

ஆண் கருவின் உறுப்புகள் சரியாக உருவாக, சுமார் 8 முதல் 14 வாரங்களுக்குள் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு சுரக்க வேண்டும். பிளாஸ்டிக்கை வளையக்கூடியதாக்கவும் வாசனைப் பொருட்களில் மணம் நிற்கவும் சேர்க்கும் தாலேட்டுகளில் சில, அந்தச் சுரப்பைக் குறைப்பதை விலங்கு ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. மூளை வளர்ச்சியும் அப்படித்தான்: முதல் மூன்று மாதங்கள் கரு தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் தொடர்பைத்தான் காட்டுகின்றன. இந்தப் பொருளால்தான் இந்தக் குறை என்று ஒரு குழந்தையைக் காட்டிச் சொல்ல முடியாது. மேலைநாட்டு ஆண்களின் விந்தணுச் செறிவு 1973-க்கும் 2011-க்கும் இடையே பாதிக்கும் மேல் குறைந்ததாக 2017-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. அதில் புகை, உடல்பருமன், ரசாயனம் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் ஓயவில்லை. விவாதம் முடியட்டும் என்று காத்திருக்கக் கர்ப்பிணிக்கு நேரமில்லை.

வீட்டில் மாற்றக்கூடியவை

பிபிஏ ஒருசில நாட்களுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் இன்று குறைத்தால் இந்த வாரமே பலன் உண்டு. சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கிலிருந்து ரசாயனத்தை வேகமாக இழுக்கும். கொதிக்கும் சாம்பாரைக் கவரில் வாங்காமல் தூக்குவாளி கொண்டுபோங்கள். மைக்ரோவேவில் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். சாப்பிடும் முன் கைகழுவினால் வீட்டுத் தூசியோடு கையில் ஒட்டிய ரசாயனமும் போகும். புட்டிப்பால் கட்டாயம் என்றால் எவர்சில்வர் பாலாடை இருக்கவே இருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு, தன் உடலில் ரசாயனம் இருக்குமோ என்ற பயத்தில் யாரும் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. அதன் நன்மைக்கு ஈடே இல்லை.

பில் போடும் பெண்கள்

கடையில் தரும் வழவழப்பான பில்லை நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும். அது தெர்மல் பேப்பர். பிபிஏ அல்லது அதே குடும்பத்து பிபிஎஸ் பெரும்பாலும் அதில் பொடியாகப் பூசப்பட்டிருக்கும். விரலில் ஒட்டித் தோல் வழியே இறங்கும். சானிடைசர் போட்ட ஈரக்கையில் தொட்டால் இன்னும் அதிகம். நாம் அதை மடித்துப் பையில் போடுகிறோம். கவுன்டரில் நிற்கும் பெண் நாள்முழுக்கத் தொடுகிறார், பல நேரம் வயிற்றில் பிள்ளையோடு.

ஃபீடிங் பாட்டிலில் பிபிஏ கூடாது என்று 2015-ல் இந்தியத் தரநிர்ணயம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-லேயே பில் தாளிலும் அதைக் கட்டுப்படுத்தியது. அங்கே பலர் பிபிஎஸ்ஸுக்கு மாறிக்கொண்டார்கள். அதனால் ஒரு பெயரை மட்டும் தடைசெய்தால் போதாது, பிஸ்பீனால் குடும்பம் முழுவதற்கும் நம் நாட்டில் விதி வேண்டும். அதுவரை பிஸ்பீனால் இல்லாத தாளை வாங்குவதும், கர்ப்பமான ஊழியரை வேறு வேலைக்கு மாற்றித் தருவதும் கடை முதலாளிகளால் முடிகிற காரியம்தான்.