வழக்காடிய யோபு – 9: மைக்கொம்பு என்றொரு மகள்

யோபு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். நண்பர்கள் மூவரும் பேசி ஓய்ந்துவிட்டார்கள். எட்டு வாரமாகக் கூடவே வருகிறவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம்.

இந்த வாரம் டிலனாயைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட அந்த டச்சுப் படைத்தலைவர், நொந்துபோயிருந்த அரண்மனை அதிகாரி நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொன்னதும், கேட்டவர் தேவசகாயம் ஆனதும் பெரிய கதை. அது காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. யோபுவின் ஒட்டகக் கணக்கைச் சரிபார்க்கலாமென்று கடைசி அதிகாரத்தைத் திறந்தேன். திறந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

யோபு இழந்ததைக் கடவுள் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்த கணக்கு இதுதான். 7000 ஆடு 14000 ஆகிறது. 3000 ஒட்டகம் 6000. 500 ஏர் மாடு 1000 ஏர். 500 கழுதை 1000. பிள்ளைகள் மட்டும் இரட்டிக்கவில்லை: முன்பும் ஏழு மகன், மூன்று மகள்; பின்பும் அவ்வளவே. இறந்த பத்துப் பேரும் கடவுளிடத்தில் உயிரோடிருப்பதால் கூட்டினால் இருபது வரும் என்று போதகர்கள் சொல்வதுண்டு. ஆறுதலான கணக்கு, இருக்கட்டும். என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த இரண்டு வசனம்.

ஏழு மகன்களில் ஒருவனுக்கும் பெயர் சொல்லப்படவில்லை. மகள்கள் மூவருக்கும் பெயர் உண்டு: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். நடு மகளின் பெயர் கருவாப்பட்டைக்கு உறவான ஒரு வாசனைப் பட்டையின் பெயர். கடைக்குட்டியின் பெயர்தான் வேடிக்கை. எபிரேயத்தில் அதற்குக் கண்மை வைக்கும் கொம்பு என்று பொருள். நம் வழக்கில் மைச்சிமிழ்! ஓட்டை எடுத்து உடம்பைச் சுரண்டிக்கொண்டு, பிறந்த நாளையே சபித்த மனிதர், பின்னாளில் மகளுக்கு மைச்சிமிழ் என்று பெயர் வைக்கிறார். துயரத்திலிருந்து ஒருவர் மீண்டார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 14000 ஆட்டையும் ஒரு தட்டில் வைத்து இந்தப் பெயரை மறுதட்டில் வைத்தால் எனக்குப் பெயர் இருக்கும் தட்டுதான் தாழும்.

பெயரோடு விடவில்லை. அந்த மூவருக்கும் சகோதரர்களோடு சேர்த்துச் சொத்தில் பாகம் கொடுத்தார் யோபு. இதன் கனம் தெரிய வேண்டுமானால் எண்ணாகமத்துக்குப் போக வேண்டும். அங்கே செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேயின் முன் நின்று வழக்காடி நிலம் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்கு உடன்பிறந்த ஆண் கிடையாது. மகன் இல்லாத வீட்டில்தான் மகளுக்குச் சொத்து என்று அங்கே விதி ஏற்பட்டது. யோபுவின் வீட்டிலோ ஏழு ஆண்கள். எந்த விதியும் கேட்காத பாகத்தை அவராகவே கொடுக்கிறார். நியாயம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவருக்குத்தான், தன் வீட்டில் யாருக்கு நியாயம் பாக்கி என்று தெரிகிறது.

இப்போது திருவிதாங்கூர். இந்த அதிகாரத்தைத் தலைமுறை தலைமுறையாக வாசித்த கிறிஸ்தவர்களுக்கு 1916-ல் ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. அதன் பெயர் ஸ்திரீதனம். அதைக் கொடுத்துவிட்டாலோ, கொடுப்பதாக வாக்களித்துவிட்டாலோ அவள் பாத்தியதை தீர்ந்தது. 1956-ல் தமிழகத்தோடு சேர்ந்த தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் அன்று திருவிதாங்கூர்தான்.

எங்கள் அப்பாவின் அத்தை ஒருவர் கல்குளம் பக்கம். எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி பாத்தியதை இல்லை என்ற காகிதத்தில், எழுதத் தெரியாததால் கீறல் போட்டுக் கொடுத்தவர். கணவர் போன பிறகு ஒருநாள் அண்ணனிடம் பத்து சென்ட் நிலம் கேட்டார். “எல்லாம் கடவுள் பாத்துக்கிடுவாரு” என்றார் அண்ணன். “அவரு பாத்துக்கிட்டுதான் இருக்காரு அண்ணே” என்று சொல்லிவிட்டு அத்தை எழுந்து வந்துவிட்டாராம். நிலம் கடைசிவரை வரவில்லை. அந்த வாக்கியம் மட்டும் எங்கள் குடும்பத்துக்குச் சொத்தாக வந்தது.

பங்கை இழந்தவர் ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்றால் அது விசுவாசம். பங்கை வைத்திருப்பவர் அதையே சொன்னால் அது வாய்தா. பழிவாங்குவதைத்தான் கடவுளிடம் விட்டுவிடச் சொன்னார் பவுல்; பங்கு பிரிப்பதை அல்ல.

கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் வாய்தாவை ஏற்கவில்லை. 1983-ல் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று, தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாடக்கும் தீர்ப்புச் சொன்னார்கள்: 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. எதிர்ப்பு ஆலயங்களுக்குள்ளிருந்தே எழுந்தது. மகள்களை விலக்கி உயில் எழுதிவைக்கும் யோசனை பிரசங்க பீடம் வரை ஏறியது. வழக்கில் வென்றும் தன் பங்கு கைக்கு வர அவருக்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

‘சகோதரன்மேல் வழக்குப் போடுவது கிறிஸ்தவளுக்கு அழகா?’ என்று அன்று கேட்டவர்கள் உண்டு. எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும் யோபுவிடம் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். கடவுள் கடைசியில் கோபித்துக்கொண்டது அந்த மூவர்மேல். சரியாகப் பேசினவன் என்று அவர் சொன்னது, கடவுளையே வழக்குக்கு இழுத்த யோபுவை. சோர்ந்துபோகாமல் ஜெபிக்க இயேசு காட்டிய மாதிரியும், அநியாயக்கார நீதிபதியை விடாமல் நச்சரித்த ஒரு விதவைதான். மேலே ஒரு நீதிபதி இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் வாசலில் நின்றுகொண்டே இருப்பார். நம்பாதவர் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார்.

31-ஆம் அதிகாரத்தில் யோபு தன் வாக்குமூலத்தை முடிக்கும்போது, ‘இதோ என் தாவ்’ என்கிற பொருளில் பேசுகிறார். தாவ், எபிரேயத்தின் கடைசி எழுத்து. கையெழுத்துக்குப் பதிலான அடையாளம். பழைய வரிவடிவத்தில் அது இரண்டு கோடு குறுக்கிட்ட சிலுவை வடிவம். நம் பத்திரங்களில் தற்குறி என்பார்களே, அதேதான். பிறகுதான் அந்தச் சொல் வசவாகத் தேய்ந்தது. எங்கள் அத்தை போட்டது உரிமையை விட்டுக்கொடுக்கும் கீறல். யோபு போட்டது உரிமையைக் கேட்கும் கீறல்.

டிலனாய் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் ஒரு வேலை. இந்த ஞாயிறு குடும்ப ஜெபத்தில் யோபு 42-ஆம் அதிகாரத்தை, பதினைந்தாம் வசனத்தை விட்டுவிடாமல், வீட்டுக்குப் பெரியவர் சத்தமாக வாசிக்கட்டும். கட்டிக்கொடுத்த மகள்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.