வாங்கிய விலை

நூறு ரூபாய்க்கு வாங்கிய பங்கு எழுபதுக்கு இறங்கிவிட்டபோது, அதை விற்பதா வைத்திருப்பதா என்ற கேள்விக்கும் அந்த நூறு ரூபாய்க்கும் நியாயமாக யாதொரு சம்பந்தமும் இருக்கலாகாது. கம்பெனியின் எதிர்காலம் எப்படி, இதே எழுபது ரூபாயை வேறிடத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்பவையே ஆராயத் தக்கவை. ஆயினும் விற்கப் போன கை, போன முப்பது ரூபாயை நினைத்து நின்றுவிடுகிறது.

இந்தத் தயக்கத்தின் காரணத்தை 1979-ல் ஒரு சித்தாந்தமாக வகுத்துக் காட்டியவர்கள் டேனியல் கானெமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இரு இஸ்ரேலிய மனோதத்துவ அறிஞர்கள். மனிதன் தன் மொத்த ஐசுவரியத்தைக் கணக்கிட்டு முடிவுக்கு வருவதில்லை. மனத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் கோடு கிழித்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டதை லாபமென்றும் கீழ்ப்பட்டதை நஷ்டமென்றும் பாவிக்கிறான் என்பதும், தொகை ஒன்றேயாயினும் லாபத்தின் சந்தோஷத்தைக் காட்டிலும் நஷ்டத்தின் வேதனை பெரிது என்பதும் அவர்கள் சொன்னவை. வேதனை ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு என்று 1992-ல் அவர்களே ஒரு மதிப்பீடும் தந்தார்கள். இவற்றினும் விசித்திரமானது மற்றொன்று: லாபத்தில் நிற்கும்போது கிடைத்தது போதுமென்று ஒதுங்கிக்கொள்ளும் அதே சாது, நஷ்டத்தில் விழுந்ததும் துணிந்த சூதாடியாகி, போனதை மீட்கும் ஆசையில் இன்னும் இழக்கவும் சித்தமாகிறார். கானெமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-லேயே காலமாகிவிட்டார்.

சோதனைச் சாலையில் கல்லூரி மாணவர்களைக் கேள்வி கேட்டுப் பெற்ற முடிவு கடைத்தெருவில் செல்லுமா என்று சந்தேகிப்பவர்கள், டெரன்ஸ் ஓடீன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1998-ல் வெளியிட்ட கட்டுரையைப் பார்க்க வேண்டும். ஒரு தரகு நிறுவனத்தில் 1987 முதல் 1993 வரை இருந்த 10,000 கணக்குகளை அவர் துருவிப் பார்த்தார். விற்பனை நடந்த நாட்களில், லாபத்தில் நின்ற பங்குகளுள் நூற்றுக்கு 14.8 விற்கப்பட்டிருக்க, நஷ்டத்தில் நின்றவற்றுள் 9.8 மட்டுமே கைமாறியிருந்தன. பொறுத்திருந்தால் ஏறிவிடும் என்ற நம்பிக்கையாவது பலித்ததா என்றால், அதுவும் இல்லை: லாபத்துக்கு விற்றுத் தள்ளிய பங்குகள், நஷ்டத்தோடு கட்டிக்கொண்டிருந்த பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக நூற்றுக்கு 3.4 அதிகமாகவே பலன் தந்தன.

டிசம்பர் மாதத்தில் மட்டும் கதை தலைகீழானது. நஷ்டத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது; வரி ஆண்டும் அம்மாதத்தோடு முடிகிறது. எனவே பதினொரு மாதம் பிரிய மனமின்றி வைத்திருந்த நஷ்டப் பங்குகளையே அப்போது முந்திக்கொண்டு விற்றார்கள். ஜூன் மாதத்தில் விற்றிருந்தாலும் அந்தச் சலுகை அவர்களுக்குக் கிடைத்திருக்கும்.